ஆய்வுக்கட்டுரைக்கும் கருவிக்கும் நடுவே இராணுவ ஆய்வு நிதி என்ன செய்கிறது?

அலைமாணவி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் சமிக்ஞைச் செயலாக்கத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். இது மூன்றாம் ஆண்டு. இரைச்சல் மிகுந்த அளவீடுகளிலிருந்து, நகரும் ஒரு பொருளின் பாதையை எவ்வளவு குறைந்த தரவைக் கொண்டு மீட்டெடுக்கலாம் என்பது என் ஆய்வின் மையம். பெரும்பாலும் கணிதம்தான். சில தேற்றங்களும் அவற்றைச் சரிபார்க்கும் கணினிச் சோதனைகளுமே இதுவரை என் கையில் உள்ளவை.

அண்மையில் எங்கள் ஆய்வுக்குழு பாதுகாப்புத் துறை சார்ந்த ஒரு நிதிநல்கைக்கு விண்ணப்பிக்க முடிவு செய்தது. இந்த ஆய்வு இப்போது எந்தத் தொழில்நுட்ப ஆயத்தநிலையில் (ஒரு கருத்து கருவியாகும் வழியில் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை 1 முதல் 9 வரை காட்டும் அளவு) இருக்கிறது, திட்டம் முடியும்போது எந்த நிலையை எட்டியிருக்கும் என்று படிவத்தில் ஒரு கேள்வி உள்ளது. அதை நிரப்ப உட்கார்ந்தபோதுதான், ஒரு தேற்றம் எந்த வழியாகப் போய்க் கருவியாகிறது என்பது எனக்குச் சிறிதும் தெரியாது என்பதை உணர்ந்தேன். இணையம், ஜி.பி.எஸ்., லேசர் என்று வரிசையாகப் பெயர்களைச் சொல்லி, இவை எல்லாம் இராணுவ ஆய்வின் கொடை என்று எங்கும் எழுதுகிறார்கள். பெயர்களைப் படித்து எனக்கு வழி புலப்படவில்லை.

நான் அறிய விரும்புவது இதுதான். பல்கலைக்கழகத்தில் பிறந்த ஒரு கருத்துக்கும் களத்தில் இயங்கும் ஒரு கருவிக்கும் நடுவில் யார், என்ன செய்கிறார்கள்? இராணுவம் செலவிடும் பணத்தின் அளவுதான் வேறுபாட்டை உண்டாக்குகிறதா, அல்லது அவர்கள் வேலை செய்யும் முறையில் வேறு ஏதேனும் உள்ளதா? இராணுவம் தலையிடாமல் இருந்திருந்தாலும் இவை எல்லாம் வந்திருக்குமா? பொதுவான கருத்துகளைவிட, நடந்த நிகழ்ச்சிகளைக் கொண்டு விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய பொறியாளர் எழுதியது:

அலைமாணவிக்கு வணக்கம். பணத்தின் அளவு முக்கியம்தான். ஆனால் அதைவிட முக்கியமானது, இருக்கும் விடைக்குப் புதிய கேள்வியைப் பொருத்திப் பார்க்கும் ஒரு மனிதர் அங்கே இருப்பதுதான் என்பது பல ஆண்டுகளாக இந்த வரலாற்றைப் படித்துவரும் என் கருத்து. நீங்கள் பாதையைக் கணக்கிடும் துறையில் இருப்பதால், உங்களுக்கு மிக நெருக்கமான ஒரு நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்கிறேன்.

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்முறை இயற்பியல் ஆய்வகத்தில் வேலை செய்த வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இரண்டு இளம் இயற்பியலாளர்கள், யாரும் பணிக்காமலேயே, வெறும் ஆர்வத்தினால், அதன் 20 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞையைப் பிடித்துக் கேட்கத் தொடங்கினார்கள். செயற்கைக்கோள் நெருங்கி வரும்போது அதிர்வெண் சற்றுக் கூடுதலாகவும், கடந்து போகும்போது சற்றுக் குறைவாகவும் கேட்கும் என்பது 1842 முதலே அறியப்பட்ட டாப்ளர் விளைவு. அந்த மாறுதலின் வளைகோட்டை ஒரே ஓர் இடத்தில் இருந்து பதிவு செய்துகொண்டு, அதிலிருந்து சுற்றுப்பாதை முழுவதையும் கணக்கிட முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். அழகான கணக்கு, ஆனால் அதோடு நின்றிருந்தால் அது ஓர் ஆய்வுக்கட்டுரையாகவே முடிந்திருக்கும்.

1958 மார்ச்சில் அதே ஆய்வகத்தில் மூத்த பொறுப்பில் இருந்த ஃபிராங்க் மெக்லூர் இருவரையும் அழைத்து, கணக்கைத் தலைகீழாகத் திருப்பிக் கேட்டார். நாம் நிற்கும் இடம் தெரிந்திருப்பதால் செயற்கைக்கோளின் பாதையைக் கண்டுபிடித்தீர்கள். பாதை தெரிந்திருந்தால் நாம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதே அவருடைய கேள்வி. அவர் அதைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. கடற்படை அப்போது போலாரிஸ் ஏவுகணைகளைத் தாங்கும் நீர்மூழ்கிக் கப்பல்களை உருவாக்கிக்கொண்டிருந்தது. நடுக்கடலில் இருக்கும் கப்பல் தன் இருப்பிடத்தைத் துல்லியமாக அறியாவிட்டால் ஏவுகணை இலக்கை அடையாது. கப்பலுக்குள் இருக்கும் வழிகாட்டும் கருவியின் பிழையோ நேரம் செல்லச் செல்லப் பெருகிக்கொண்டே போகும். அந்தத் தேவையும் இந்தக் கணக்கும் ஒரே தலைக்குள் சந்தித்தன. டிரான்சிட் என்ற திட்டம் பிறந்தது. 1960 ஏப்ரலில் அதன் சோதனைச் செயற்கைக்கோள் வெற்றிகரமாகச் சுற்றுப்பாதையை அடைந்தது. 1964-இல் கடற்படை அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. 1967-இல் பொதுமக்களின் கப்பல்களுக்கும் அது திறந்துவிடப்பட்டது. அதன் குறைகளிலிருந்து பாடம் கற்றுத்தான் ஜி.பி.எஸ். எழுந்தது. டிரான்சிட்டில் செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும்வரை காத்திருக்க வேண்டும், பார்ப்பவர் வேகமாக நகர்ந்தால் கணக்குத் தவறும்; ஜி.பி.எஸ்.ஸோ ஒரே நேரத்தில் நான்கு செயற்கைக்கோள்களின் நேரக்குறிகளை ஒப்பிடுகிறது. அதன் முதல் செயற்கைக்கோள் 1978-இல் ஏவப்பட்டது, முழு அமைப்பும் 1995-இல்தான் நிறைவுற்றது. கையரும் வைஃபன்பாக்கும் வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்ததிலிருந்து எண்ணினால் 38 ஆண்டுகள்.

மெக்லூர் தற்செயலாகச் செய்ததை ஒரு முழுநேர வேலையாக்கிய நிறுவனம்தான், ஸ்புட்னிக் தந்த அதிர்ச்சியில் 1958 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிதி அமைப்பான ஆர்ப்பா, பின்னாளில் டார்ப்பா. அதற்குச் சொந்தமாக ஆய்வகம் எதுவும் கிடையாது. ஏறத்தாழ நூறு திட்ட மேலாளர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகங்களிலிருந்தும் தொழில்துறையிலிருந்தும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் வருபவர்கள் அவர்கள். தமக்குக் கொடுக்கப்பட்ட காலத்துக்குள் ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுத்து, அதற்குரிய ஆய்வாளர்களை வெவ்வேறு இடங்களில் தேடிப் பிடித்து, நிதி கொடுத்து, இடையிடையே சோதித்து, பயன் தராது என்று தெரிந்தால் நிறுத்தியும் விட வேண்டும். 1975 முதல் 1977 வரை அதன் இயக்குநராக இருந்த ஜார்ஜ் ஹைல்மையர், ஒவ்வொரு திட்டத்திடமும் கேட்கவேண்டியவை என்று ஒரு கேள்வித் தொகுப்பை வகுத்தார். கலைச்சொல் ஒன்றுகூட இல்லாமல், என்ன செய்யப் போகிறாய் என்று சொல். இன்று அது எப்படிச் செய்யப்படுகிறது, அதன் எல்லை எங்கே. உன் வழியில் புதிதாக என்ன. வெற்றி பெற்றால் யாருக்கு என்ன மாறும். செலவும் காலமும் இடரும் எவ்வளவு. பாதி வழியில் உன்னை எப்படிச் சோதிப்பது. உங்கள் விண்ணப்பத்தை எழுதும் முன் இவற்றுக்கு ஒரு தாளில் விடை எழுதிப் பாருங்கள். முதல் கேள்வியே நம்மில் பலரையும் திணறவைக்கும்.

நூலகவாசி எழுதியது:

பழைய பொறியாளர் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கேள்வியைத் திருப்பிக் கேட்பவர் இருந்தால் போதும் என்பதற்கு முன், கட்டுரையைப் படிப்பவர் ஒருவர் இருக்கவேண்டும் என்பதை நான் வலியுறுத்த விரும்புகிறேன்.

சோவியத் இயற்பியலாளர் பியோத்தர் உஃபிம்த்செவ், பொருள்களின் விளிம்புகளில் மின்காந்த அலைகள் எவ்வாறு சிதறுகின்றன என்பதைக் கணக்கிடும் முறை ஒன்றை 1962-இல் மாஸ்கோவில் வெளியிட்டார். அதில் இராணுவப் பயன் எதையும் அவருடைய நாட்டு அதிகாரிகள் காணவில்லை. அதனால்தான் அது வெளியிட அனுமதிக்கப்பட்டது. 1971-இல் அமெரிக்க விமானப்படையின் அயல்நாட்டுத் தொழில்நுட்பப் பிரிவு அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. எந்தக் கட்டுரை பயன்படும் என்று தெரியாமலேயே அயல்நாட்டு அறிவியல் நூல்களைத் தொடர்ந்து மொழிபெயர்த்து அடுக்கிவைத்த அந்தப் பணியை நான் மிகவும் மதிக்கிறேன். சில ஆண்டுகளுக்குப் பிறகு லாக்ஹீட் நிறுவனத்தில் வேலை செய்த டெனிஸ் ஓவர்ஹோல்சர் என்ற பொறியாளர், சமன்பாடுகள் நிறைந்த அந்த நூலைக் கடைசிவரை படித்தார். ஒரு விமானத்தின் உருவத்தைத் தட்டையான முகங்களாகப் பிரித்துக்கொண்டால், ஒவ்வொரு முகமும் விளிம்பும் ரேடார் அலையை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்று கணினியில் முன்கூட்டியே கணக்கிடலாம் என்பதைக் கண்டார். ரேடாரில் எளிதில் சிக்காதபடி டார்ப்பாவின் ஆதரவில் உருவான சோதனை விமானம் 1977 டிசம்பர் 1 அன்று பறந்தது; அதிலிருந்து வளர்ந்த எஃப்-117 போர்விமானம் 1981-இல் பறந்தது. அந்த விமானம் வைரத்தைப் பட்டை தீட்டியதுபோல் முகம் முகமாகத் தோன்றுவதற்குக் காரணம், அன்றைய கணினிகளால் வளைந்த பரப்புகளைக் கணக்கிட முடியாமல் இருந்ததுதான். கணக்கின் எல்லை விமானத்தின் உருவமாகவே ஆகிவிட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இதற்கு நேரெதிரான நிகழ்ச்சியும் உண்டு. பிரிட்டனின் உளவுத் தகவல்தொடர்பு அமைப்பான ஜி.சி.எச்.கியூ.வில், முன்கூட்டியே ரகசியத் திறவுகோலைப் பகிர்ந்துகொள்ளாமல் மறைகுறியாக்கம் செய்யமுடியும் என்ற கருத்தை ஜேம்ஸ் எல்லிஸ் 1970-இல் முன்வைத்தார். அதற்கான கணித வழியை 1973-இல் கிளிஃபர்ட் காக்ஸும், இன்னொரு வழியை 1974-இல் மால்கம் வில்லியம்சனும் கண்டுபிடித்தார்கள். மூன்றும் பெட்டிக்குள் பூட்டப்பட்டன. அவற்றைப் பற்றி எதுவும் அறியாத டிஃபியும் ஹெல்மனும் 1976-இல் அதே கருத்தை, பொதுத்திறவுகோல் முறை என்று, வெளிப்படையாக எழுதினார்கள். 1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் அதை நடைமுறைப்படுத்தும் ஆர்.எஸ்.ஏ. முறையை உருவாக்கினார்கள். இன்று இணையத்தில் நாம் பாதுகாப்பாகப் பணம் செலுத்துவது இந்த வெளிப்படையான ஆய்வின் வழியாகத்தான். இவை தன்னிடம் முன்பே கண்டுபிடிக்கப்பட்டவை என்பதை பிரிட்டன் 1997 டிசம்பரில்தான் வெளியிட்டது. எல்லிஸ் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, நவம்பரில், காலமாகிவிட்டார்.

ஆகவே இராணுவத்தின் கையில் கிடைத்த கருத்து தானாகவே தொழில்நுட்பமாகிவிடும் என்று எண்ண வேண்டாம். ரகசியம் ஒரு கருத்தை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உறங்கவைக்கும் வலிமை கொண்டது.

மதிப்பீட்டாளர் எழுதியது:

நிதிநல்கை விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுக்களில் சில காலம் இருந்தவன் என்ற முறையில், அலைமாணவியின் மூன்றாவது கேள்வியை, அதாவது இராணுவம் இல்லாமலும் இவை வந்திருக்குமா என்பதை, எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கேள்வி புதியதன்று; 1960-களிலேயே அமெரிக்க அரசு இதற்கு அளவுகோல் கொண்டு விடை காண முயன்றது, இரண்டு முரண்பட்ட விடைகளைப் பெற்றது.

பாதுகாப்புத் துறை ஹைண்ட்சைட் என்ற ஆய்வை நடத்தியது. இருபது ஆயுத அமைப்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் உருவாக்கத்துக்கும் பங்களித்த ஆய்வு நிகழ்ச்சிகளைப் பின்னோக்கித் தேடி, ஏறத்தாழ 700 நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டார்கள். அவற்றுள் எந்தப் பயனையும் முன்நோக்காத அடிப்படை அறிவியல் 0.3 விழுக்காடு மட்டுமே என்று 1966-இல் அறிவித்தார்கள். பல்கலைக்கழக அறிவியலாளர்கள் கொதித்துப் போனார்கள். தேசிய அறிவியல் அறக்கட்டளை டிரேசஸ் என்ற எதிர் ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. வீடியோ பதிவுக் கருவி, கருத்தடை மாத்திரை, மின்னணு நுண்ணோக்கி போன்ற ஐந்து கண்டுபிடிப்புகளை எடுத்துக்கொண்டு, அதே முறையில் பின்னோக்கிப் போன அந்த ஆய்வு, 1968-இல், முக்கிய நிகழ்ச்சிகளில் சுமார் 70 விழுக்காடு பயன் கருதாத ஆய்வே என்று சொன்னது.

இரண்டும் நேர்மையான ஆய்வுகள். வேறுபாடு எங்கே வந்தது என்றால், முதலாவது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மட்டுமே பின்னோக்கிப் பார்த்தது. இரண்டாவது ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் பார்த்தது. மின்காந்த அலைகளை விளக்கும் மாக்ஸ்வெல்லின் 19-ஆம் நூற்றாண்டுச் சமன்பாடுகள் இல்லாமல் ரேடார் இல்லை, ஆனால் ரேடார் வரலாற்றை 1940-இலிருந்து தொடங்கினால் மாக்ஸ்வெல் கண்ணில் படமாட்டார். இதைப் புரிந்துகொண்டால், நிதி கொடுப்பவர்களின் அவசரமும் ஆய்வாளர்களின் பொறுமையும் ஏன் ஓயாமல் மோதிக்கொள்கின்றன என்பது விளங்கிவிடும். 1969-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய மேன்ஸ்ஃபீல்டு திருத்தம், குறிப்பிட்ட இராணுவப் பணியோடு நேரடித் தொடர்பு இல்லாத ஆய்வுக்குப் பாதுகாப்புத் துறை நிதி தரக்கூடாது என்றது. அது சட்டத்தில் நீடித்த காலம் குறைவு. ஆனால் அந்த மனப்பான்மை நிலைத்துவிட்டது. ஹைல்மையரின் கேள்விகள் உருவான சூழலும் அதுதான் என்பதைப் பழைய பொறியாளர் சொல்லாமல் விட்டுவிட்டார் என்பதால் குறிப்பிடுகிறேன்.

இணையத்துக்கு வருவோம். செய்தியைச் சிறு பொட்டலங்களாகத் துண்டித்து, ஒவ்வொன்றையும் கிடைத்த வழியில் அனுப்பி, மறுமுனையில் சேர்த்துக்கொள்ளும் கருத்து, அமெரிக்க இராணுவத்துக்கு ஆய்வு செய்த ராண்ட் நிறுவனத்தில் பால் பேரனுக்கும், பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டொனால்ட் டேவிஸுக்கும் தனித்தனியே தோன்றியது. பேரன் அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பிறகும் பிழைத்திருக்கும் தொடர்பைத் தேடினார். டேவிஸோ பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தும்போது தொலைபேசி இணைப்பு வீணாவதைத் தவிர்க்க விரும்பினார். ஆகவே கருத்து எப்படியும் வந்திருக்கும் என்று துணிந்து சொல்லலாம். டேவிஸால் தம் ஆய்வக வளாகத்துக்குள் மட்டுமே வலையமைப்பை உருவாக்க முடிந்தது. நாடு தழுவிய வலையமைப்புக்கு அவருக்கு நிதி கிடைக்கவில்லை. அமெரிக்காவில் ஆர்ப்பா அதற்குப் பணம் கொடுத்தது, ஆர்ப்பாநெட் என்ற வலையமைப்பு உருவானது. 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு முதல் செய்தி போனது. உள்நுழையும் கட்டளையின் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்ததும் மறுமுனைக் கணினி செயலிழந்தது. இன்று உலகம் பயன்படுத்தும் தகவல் பரிமாற்ற விதிமுறைக்கு (டி.சி.பி./ஐ.பி.) அந்த வலையமைப்பு முழுவதும் மாறியது 1983 ஜனவரி 1 அன்று.

ஒரு தவறான செய்தியையும் இங்கே திருத்திவிட விரும்புகிறேன். ஆர்ப்பாநெட் அணுப்போரைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டது என்று பலரும் எழுதுகிறார்கள். அது பேரனின் ஆய்வின் நோக்கம். ஆர்ப்பாநெட்டின் நோக்கமோ, ஆர்ப்பா நிதி கொடுத்து வாங்கித் தந்த விலையுயர்ந்த கணினிகளை வெவ்வேறு பல்கலைக்கழகத்தினர் பகிர்ந்து பயன்படுத்த வேண்டும் என்பதுதான்.

அலைமாணவி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. டிரான்சிட் நிகழ்ச்சியைப் படித்தபோது என் வழிகாட்டியிடம் போய் உடனே சொல்லவேண்டும் என்று தோன்றியது, ஏனெனில் நாங்கள் கையாளும் கணக்கும் ஏறத்தாழ அதே தலைகீழ்க் கணக்குதான்.

இப்போது எனக்கு ஓர் அச்சமும் வந்திருக்கிறது. எல்லிஸுக்கு நேர்ந்ததுபோல, என் ஆய்வு பயன்படத்தக்கது என்று யாராவது முடிவு செய்துவிட்டால், அதை நான் வெளியிடவே முடியாமல் போகுமா? முனைவர் பட்டமே வெளியீட்டை நம்பி இருக்கிறது. அதோடு, என் தேற்றம் யாரைத் தேடிக் கண்டுபிடிக்கப் பயன்படும் என்ற கேள்வியும் சில நாள்களாக என் உறக்கத்தைக் கெடுக்கிறது.

எண்கோலம் எழுதியது:

உங்கள் இரண்டு அச்சங்களும் நியாயமானவை, அலைமாணவி. முதலாவதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் துறையில் நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் வேக ஃபூரியே உருமாற்றமே, அதாவது ஒரு சமிக்ஞையை அதன் அதிர்வெண்களாக விரைவாகப் பிரிக்கும் கணக்கீட்டு முறையே, ஒரு நல்ல எடுத்துக்காட்டு. 1963-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் அறிவியல் ஆலோசனைக் குழுவின் கூட்டம் ஒன்றில், கணிதவியலாளர் ஜான் டூக்கி தம் குறிப்பேட்டில் ஃபூரியே உருமாற்றங்களைக் கிறுக்கிக்கொண்டிருந்ததை இயற்பியலாளர் ரிச்சர்ட் கார்வின் கவனித்தார். அணுகுண்டுச் சோதனைத் தடை பற்றிய பேச்சுவார்த்தைகள் நடந்துகொண்டிருந்த காலம் அது. நிலத்தடிச் சோதனையையும் நிலநடுக்கத்தையும் பிரித்தறிய வேண்டுமானால், நில அதிர்வுப் பதிவுகளை விரைவாக அலசவேண்டும். டூக்கியின் வழியை உள்வாங்கிக்கொண்ட கார்வின், ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ஜேம்ஸ் கூலியிடம் அதை நிரலாக்கித் தரக் கேட்டார். உண்மைக் காரணத்தைச் சொல்லாமல், ஹீலியம்-3 படிகத்தில் சுழற்சிகளின் ஒழுங்கைக் காண வேண்டும் என்று மட்டும் சொன்னார். 1965-இல் கூலியும் டூக்கியும் கட்டுரையை வெளிப்படையாக வெளியிட்டார்கள், காப்புரிமை எதுவும் கோரப்படவில்லை. எல்லாத் துறைகளுக்கும் அது பரவியதற்கு அந்த வெளிப்படைத்தன்மையே காரணம். தேவை இராணுவத்துடையதாக இருந்தாலும் கணிதம் ரகசியமாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கார்டன் கூல்டின் கதையோ துயரமானது. லேசரின் வடிவமைப்பை 1957-இல் தம் குறிப்பேட்டில் எழுதி, சான்றுறுதி அலுவலரிடம் முத்திரையும் பெற்றுவைத்தவர் அவர். பின்னர் அவர் சேர்ந்த நிறுவனம் ஆர்ப்பாவிடம் 3,00,000 டாலர் கேட்டது. ஆர்ப்பா மகிழ்ந்து 9,99,000 டாலர் கொடுத்தது. ஆனால் திட்டம் ரகசியமாக வகைப்படுத்தப்பட்டது. இளமையில் இடதுசாரிகளோடு இருந்த தொடர்பைக் காரணம் காட்டி, கூல்டுக்குப் பாதுகாப்பு அனுமதி மறுக்கப்பட்டது. தாமே எண்ணி எழுதிய கருத்தை நிறைவேற்றும் ஆய்வகத்துக்குள் அவர் நுழைய முடியாமல் போனார். அவ்வளவு பணத்தோடு நடந்த அந்தத் திட்டத்தை முந்திக்கொண்டு, ஹியூஸ் நிறுவனத்தின் சிறிய உள்நிதியில் வேலை செய்த தியோடர் மைமன், 1960 மே 16 அன்று மாணிக்கக் கல்லைக் கொண்டு உலகின் முதல் லேசரை ஒளிரச்செய்தார். நண்பர் பழைய பொறியாளர் பணத்தைவிட ஆள் முக்கியம் என்றார். கருத்தை அறிந்த ஆளையே வெளியே நிறுத்திவிட்டால் பணம் எதற்கும் உதவாது.

நடைமுறையில் உங்களைக் காக்கும் ஒரு மரபும் இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் நடக்கும் அடிப்படை ஆய்வின் முடிவுகளை இயன்றவரை கட்டுப்படுத்தக்கூடாது, கட்டுப்படுத்தியே தீரவேண்டுமென்றால் முறையாக ரகசிய வகைப்பாட்டில் வைக்கவேண்டும் என்று அமெரிக்க அரசு 1985-இல் ஒரு கொள்கை ஆணையை வெளியிட்டது. அரைகுறையான தடைகள் வேண்டாம் என்பதே அதன் கருத்து. உங்கள் நிதிநல்கை எந்த நாட்டினுடையதாக இருந்தாலும், ஒப்பந்தத்தில் வெளியீட்டைப் பற்றிய விதியைத் தேடிப் பாருங்கள். வெளியிடும் முன் தகவலுக்காக அனுப்பவேண்டும் என்று இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். வெளியிடும் முன் எழுத்துமூலமான ஒப்புதல் பெறவேண்டும் என்று இருந்தால், ஒப்புதல் எத்தனை நாளுக்குள் வரவேண்டும், வராவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கையெழுத்திடும் முன்பே எழுதி வாங்குங்கள். ஒரு மாணவரின் ஆய்வேடு இரண்டு ஆண்டுகள் இந்தக் காரணத்தினால் காத்திருந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். அந்த மாணவரின் வேதனை இன்னும் என் மனத்தில் இருக்கிறது.

மதிப்பீட்டாளர் எழுதியது:

இரண்டாவது அச்சத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். இரண்டாம் உலகப்போரில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்காக, நகரும் இலக்கின் பாதையை முன்கணிக்கும் கணிதத்தை உருவாக்கியவர் நோர்பர்ட் வீனர். உங்கள் துறையின் மூதாதையர்களில் ஒருவர். போருக்குப் பிறகு ஒரு விமான நிறுவனத்தின் ஆய்வாளர் அந்தக் கட்டுரையின் பிரதியைக் கேட்டபோது, வழிகாட்டப்பட்ட ஏவுகணைகளுக்குத் தம் கணிதம் பயன்படுவதை விரும்பவில்லை என்று கூறி மறுத்தார். அந்த மறுப்புக் கடிதம் 1947 ஜனவரியில் ஓர் இதழில் வெளியாயிற்று. ஆனால் அவர் மறுத்ததனால் கணிதம் நின்றுவிடவில்லை. 1960-இல் ருடால்ஃப் கால்மன் வேறு வழியில் அதே சிக்கலுக்கு விடை கண்டார். அந்த விடை அப்பல்லோ விண்கலத்தை நிலவுக்கும் கொண்டுபோனது, ஏவுகணைகளையும் வழிநடத்தியது. வீனர் செய்தது வீண் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். தம் பெயரால் எது நடக்கலாம், எது நடக்கக்கூடாது என்பதை அவர் தாமே முடிவு செய்தார். அந்த முடிவை உங்கள் வழிகாட்டியோ நாங்களோ உங்களுக்காக எடுக்க முடியாது.

பழைய பொறியாளர் எழுதியது:

படிவக் கேள்விக்கு இன்னும் நேரான விடை தரவில்லை என்பதால் மீண்டும் எழுதுகிறேன். ஆயத்தநிலை என்ற ஒன்பது படி ஏணி, நாசாவில் 1970-களில் தோன்றிய எண்ணத்திலிருந்து வளர்ந்தது. அடிப்படைத் தத்துவம் அறியப்பட்டிருந்தால் 1; அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்ற கருத்து வகுக்கப்பட்டால் 2; அது இயங்கும் என்பதற்குக் கணக்கீட்டாலும் சோதனையாலும் சான்று கிடைத்தால் 3; பாகங்கள் ஆய்வகத்தில் ஒன்றாக இயங்கினால் 4; உண்மையை ஒத்த சூழலில் இயங்கினால் 5, அங்கே முன்மாதிரியே இயங்கினால் 6; களத்திலேயே இயங்கினால் 7; முழுதாகச் சோதித்துத் தகுதி பெற்றால் 8; உண்மைப் பணியில் வெற்றி பெற்றால் 9. பெரும்பாலான கருத்துகள் 4-க்கும் 7-க்கும் நடுவில் மாண்டுபோகின்றன. பேராசிரியருக்கு அங்கே எழுதப் புதிய கட்டுரை இல்லை. நிறுவனத்துக்கோ இலாபம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இராணுவம் மற்ற நிதியாளர்களிலிருந்து வேறுபடுவது இந்த இடத்தில்தான். விலை அதிகம், நம்பகத்தன்மை குறைவு என்று தெரிந்தும் முதல் சில ஆயிரங்களை வாங்கிக்கொள்ளும் வாடிக்கையாளராக அது இருக்கிறது. ஒருங்கிணைந்த மின்சுற்றுகளை 1960-களின் தொடக்கத்தில் வேறு யாரும் வாங்க முன்வராத விலைக்கு வாங்கியவை மினிட்மேன் ஏவுகணைத் திட்டமும் அப்பல்லோவின் வழிகாட்டுக் கணினியும்தான். அப்படி வாங்கியதால் உற்பத்தி பெருகியது, விலை சரிந்தது, பிறகு எல்லோர் கைக்கும் வந்தது.

அந்த இடைவெளியைப் போட்டி ஒன்றினால் கடந்ததும் உண்டு. 2004 மார்ச்சில் டார்ப்பா, மொஹாவி பாலைவனத்தில் ஆளில்லாத வண்டிகளுக்கு ஒரு பந்தயம் வைத்தது. பரிசு 10 இலட்சம் டாலர். 15 வண்டிகள் புறப்பட்டன, ஒன்றுகூட முடிக்கவில்லை. மிக அதிகத் தொலைவு போன கார்னிகி மெலன் பல்கலைக்கழக வண்டியே 12 கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. 2005 அக்டோபரில் மீண்டும் நடத்தினார்கள். ஐந்து வண்டிகள் 212 கிலோமீட்டர் தொலைவையும் கடந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வண்டி 6 மணி 54 நிமிடங்களில் முதலில் வந்தது. 19 மாதங்களுக்குள் இயற்பியல் மாறிவிடவில்லை. ஆய்வகத்தில் தனித்தனியே இருந்த பார்வை, நிகழ்தகவுக் கணக்கு, வழித்தேர்வு ஆகியவற்றை மாணவர்கள் ஒரே வண்டிக்குள் பொருத்தி, புழுதியிலும் வெயிலிலும் ஓட்டிப் பார்த்தார்கள். அந்த அணிகளில் இருந்த பலர் பின்னர் தானியங்கி வண்டி நிறுவனங்களை உருவாக்கினார்கள்.

உங்கள் ஆய்வு இப்போது 2. செயற்கைத் தரவில் சோதித்திருப்பதால் 3-ஐத் தொட்டிருக்கிறது என்றும் சொல்லலாம். மூன்று ஆண்டுத் திட்டத்தில் 4 என்று எழுதுங்கள். 6 என்று எழுதும்படி யாராவது அறிவுறுத்தினால் மறுத்துவிடுங்கள், ஏனெனில் அதை மதிப்பிடுபவர் உண்மையான கருவியில் பதிவான தரவு எங்கே என்று முதலில் கேட்பார்.

அலைமாணவி எழுதியது:

இன்று காலை வழிகாட்டியோடு பேசினேன். 2-லிருந்து 4 என்று எழுத அவரும் ஒப்புக்கொண்டார். திட்டத்தின் மூன்றாம் ஆண்டில் உண்மையான ரேடார் பதிவுகளில் சோதிப்பது என்று ஒரு பகுதியைச் சேர்த்திருக்கிறோம். அதற்கான பதிவுகளை யார் தருவார்கள் என்பதைத் திட்ட மேலாளரிடம் கேட்கப் போகிறேன். ஒப்பந்த மாதிரியை வரவழைத்துப் படித்தேன். வெளியீட்டுக்கு முன் எழுத்துமூலமான ஒப்புதல் பெறவேண்டும் என்றே இருக்கிறது, கால எல்லை எதுவும் குறிக்கப்படவில்லை. 60 நாள்கள் என்று சேர்க்கும்படி பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவுக்கு எழுதியிருக்கிறோம். அந்த விடை வந்த பிறகே கையெழுத்திடுவது என்று இருவரும் முடிவு செய்தோம். வீனரின் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன், இன்னும் படிப்பேன்.